நட்டெல்லாம் எடுத்தாச்சா மச்சான்

மகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கழித்தவள் நான். அடுத்தவர்களுக்கு வலி கொடுத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு ரத்தக்கொதிப்புகூட வருவதில்லை என்பதை எத்தனையோ வார்டில் பார்த்துவிட்டேன். முந்தாநாள் போனில் நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். "அக்கா வரலன்னா விடும்மா, நாத்தனார் முடிச்ச சித்தி பொண்ணு போடட்டும்." கடையில் கத்தரிக்காய் இல்லையென்றால் வெண்டைக்காய் வாங்கிக்கொள் என்பது போலச் சொன்னாய். நான் அப்படியே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் திரும்ப அடித்தாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆவணியில் சிதம்பரத்தில் உனக்குக் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சை நீ போட்டதும், மிச்ச முடிச்சை உன் கூடப்பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டும். உனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான். புவனகிரியில் இருக்கிறாள், பெயர் சுமதி, ஒருவேளை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஆறு வருஷமாக அவள் கடலூரில் நம் வீட்டு வாசற்படி ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "மாமாவுக்கு விளையாட்டு தெரியல, அதான்" என்று அவள் புருஷன்மேல் பழியைப் போட்டுச் சிரித்து மழுப்புகிறாய். உன் வாயிலிருந்து வந்த கதையை ஆறு வருஷம் கேட்டாகிவிட்டது. இப்போது என் கதையைக் கேள். இதை ஒளித்து வைத்துப் படிக்காதே. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் கொடு. அவள் அண்ணன்கள் இரண்டு பேருக்கும் விஷயம் ஏற்கெனவே தெரியும். எப்படித் தெரியும் என்று கடைசியில் சொல்கிறேன்.

இப்படி ஒரு கடிதத்தில் பெற்றவள் தன் தப்பையும் நாலு வரி எழுதி, கண்ணைத் துடைத்து, பிள்ளையைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பாய். என் தப்புகளை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லிவிட்டேன். இது உன்னுடையது மட்டும்.

உன் அப்பா வாங்கிய அந்த வெளிர்பச்சைப் பத்மினி காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெண்ணாடம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தபோது, அங்கே ஒரு அதிகாரி விற்க வைத்திருந்த பழைய வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அது 2004. அந்த வருஷம்தான் நீ சிதம்பரத்தில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சேர்ந்தாய். கார் வீட்டுக்கு வந்ததும், அதைப் பற்றிப் படிக்க நீ போனதும் ஒரே நேரத்தில் நடந்ததால் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிற எல்லோரிடமும், "என் பையனே மெக்கானிக்கு, எனக்கு என்ன கவலை" என்றார். உனக்குப் படம் வரைய வராது. எஞ்சின் படங்களை எல்லாம் சுமதிதான் சாப்பாட்டு மேஜையில் குனிந்து உட்கார்ந்து வரைந்து கொடுத்தாள். சிலிண்டர் ஹெட் படத்தில் ஒவ்வொரு துளையையும் காம்பஸ் வைத்துப் போட்டாள். வட்டம் சரியாக வரவில்லை என்று அழித்து அழித்துப் போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ பக்கத்தில் படுத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நம் வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில். போர் தண்ணீர் கடல் தண்ணீர்தான், வாயில் வைக்க முடியாது. தெருக் குழாயில் விடியற்காலை கொஞ்ச நேரம் நல்ல தண்ணீர் வரும். ரேடியேட்டருக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று உன் அப்பா சொல்லி, அந்த வேலையை உன்னிடம் கொடுத்தார். வீட்டில் உனக்கென்று இருந்த ஒரே வேலை. நீ எழுந்திருக்கிற நேரத்துக்குக் குழாயும் நின்றிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். போர் பைப்பைத் திறந்து ஒரு வாளி பிடித்து ஊற்றிவிட்டுப் போய்விடுவாய். நான் கேட்டதற்கு, "ரேடியேட்டருக்கு என்னம்மா, நாக்கா இருக்கு, உப்பு கரிக்குதுன்னு சொல்றதுக்கு" என்றாய். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. உன் பேச்சு எப்போதும் சிரிக்கும்படிதான் இருக்கும். அதில்தான் நீ பிழைத்துக்கொண்டிருக்கிறாய்.

2006-ல் சுமதிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை இளங்கோவன், புவனகிரியில் மைக் செட், லைட் வாடகைக்கு விடுகிறவர். அதிகம் பேசமாட்டார். கோயில் திருவிழாவில் ஊரெல்லாம் கத்துவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, தான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "மாமா, வீட்லயும் மைக் குடுத்தாதான் பேசுவீங்களா" என்று நீ முதல் நாளே கேட்டாய். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். மாமன் மச்சான் கேலி எல்லா வீட்டிலும் உண்டு. செருப்பை ஒளித்து வைப்பார்கள், காபியில் உப்புப் போடுவார்கள், வெற்றிலைக்குள் மிளகாயை மடித்துக் கொடுப்பார்கள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தக் கடைசி இருந்தால்தான் அதற்குப் பெயர் கேலி.

சுமதியைப் புவனகிரியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, முட்லூர் தாண்டுவதற்குள் கார் புகை கக்கி நின்றுவிட்டது. ஆயிலைத் தொட்டுப் பார்த்தால் பால் விட்ட டீ நிறம். தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று நீ சொன்னாய். அது சரிதான், படித்ததில் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. வண்டியைக் கட்டி இழுத்து வந்து மாமரத்தடியில் நிறுத்தினோம். நட்டையெல்லாம் கழற்றினாய். ஹெட் வரவில்லை. கீழே எஞ்சின் இரும்பு, அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டட் கம்பிகளும் இரும்பு, அவற்றின் மேல் மாட்டி உட்கார்ந்திருக்கிற ஹெட் அலுமினியம். இரண்டு வருஷம் நீ ஊற்றிய உப்புத் தண்ணீர் கசிந்து, கம்பிக்கும் துளைக்கும் நடுவில் வெள்ளையாகப் பூத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நீ சுத்தியலால் அடித்தாய், திட்டினாய், பம்பரை எட்டி உதைத்தாய். பிறகு ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, மேட்ச் பார்க்கப் போய்விட்டாய். புண்ணோடு காய்ந்து ஒட்டிப்போன கட்டுத்துணியை நான் எத்தனை பேருக்குப் பிரித்திருக்கிறேன். நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் இருக்கிற வித்தை. அதுகூட உனக்குத் தெரிந்துதான் இருந்தது. செய்ய உடம்பு வணங்கவில்லை.

அந்த வருஷம் தலை தீபாவளி. முதல் நாளே சுமதியும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். வந்த மனிதரைக் காபி குடிக்கவிட்டாயா, உட்காரவிட்டாயா. தார்ப்பாயை விலக்கிக் காட்டி, "மாமா, தலை தீபாவளிக்கு வந்துட்டு தலைய கழட்டாம போனா எப்படி" என்றாய். உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எனக்கு இஞ்சின் தெரியாது மச்சான். நீ சொல்லு, நான் செய்றேன்" என்றார். இந்த வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் படி. நீ சொல்லு, நான் செய்றேன். உன்னை நம்பி அப்படிச் சொன்ன ஆள் இந்த உலகத்தில் உன் அப்பாவுக்குப் பிறகு அவர் ஒருத்தர்தான். நீ சொன்னாய். ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் மண்ணெண்ணெய் விடுங்க மாமா என்றாய், விட்டார். சைக்கிள் கம்பியால் அந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டுங்க என்றாய், சுரண்டினார். கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்க என்றாய், தட்டினார். நீ செய்ய வேண்டிய வேலை முழுவதையும், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டே, விருந்துக்கு வந்த மனிதரிடம் வாங்கினாய்.

தீபாவளி அன்று எனக்கு டூட்டி. பட்டாசில் சுட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்காக அன்றைக்கு எங்களுக்கு லீவே கிடையாது. விடியும் முன்பே இரண்டு பேர் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டு நான் போய்விட்டேன். அதனால் காலையில் நடந்தது நான் கண்ணால் பார்த்ததில்லை. சுமதியும், ஹெட்டைத் தூக்கச் செயின் பிளாக் கொண்டுவந்த உன் கூட்டாளி சேகரும் பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான். மாப்பிள்ளை குளித்துப் புதுவேட்டி கட்டிக்கொண்டு இட்லி சாப்பிட உள்ளே போனார். சுமதி பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்போது நீ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், கழற்றி வைத்திருந்த நட்டுகளில் ஒன்றை எடுத்து, பின்பக்கத்து மூலையில், ஹெட்டின் மேல்மூடிக்கு உள்ளே ஆயில் கசடு படிந்து கிடக்கிற இடத்தில், திரும்ப முறுக்கினாய். இறுக்கி முறுக்கினாய். அதன்மேல் கிரீஸை அப்பினாய். சேகர் எதுக்குடா என்று கேட்டதற்கு, "மாமா இன்னிக்கு முழுக்க இழுக்கட்டும், சாயங்காலம் காட்டி சிரிக்கலாம்" என்றாயாம்.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சங்கிலியை மாட்டுவதற்கு முன்னால் அவர் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சுமதி அவருக்குக் காபி எடுத்து வந்து பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நட்டெல்லாம் எடுத்தாச்சா மச்சான்?"

"எடுத்தாச்சு மாமா, நானே எண்ணிப் பாத்தேன்."

எடுத்தாச்சு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எண்ணிப் பார்த்தேன் என்று ஒரு மெருகு வேறு. பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்கிறார்கள். சுமதி அதைக் கேட்டுவிட்டு, தம்பி எவ்வளவு பொறுப்பாக இருக்கிறான் என்று நினைத்தாளாம். அவளே என்னிடம் சொன்னாள்.

டூட்டி முடிந்து நான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெருவே நம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மாமரக் கிளையில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, கொக்கியை ஹெட்டில் மாட்டி, உன் கூட்டாளிகள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஹெட் வருவதற்குப் பதில் காரே வந்தது. முன்பக்கம் மெல்ல எழும்பி, சக்கரம் தரையைவிட்டு மேலே தொங்கியது. சனம் சிரித்தது. உன் அப்பா கையில் முறுக்கோடு நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீ கையைத் தட்டி, "மாமா, தலைய கேட்டா உடம்பையும் சேத்து தூக்குறீங்க" என்றாய். மாப்பிள்ளையும் சிரித்தார். அதைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. தன் புதுவேட்டியெல்லாம் கிரீஸாக, எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த நிமிஷம் நீ அந்த மூலையைக் காட்டியிருந்தால் அது கேலியாகவே முடிந்திருக்கும். நான் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுக்க மறந்து, உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இன்னும் கொஞ்சம் இழுங்கடா என்றாய்.

பின்பக்கம் உன் நட்டு பிடித்துக்கொண்டிருந்ததால் ஹெட் சமமாக எழும்பவில்லை. முன்பக்கம் மட்டும் சாய்ந்து ஒரு விரல் போகிற அளவுக்குத் திறந்தது. "வருது மச்சான், இந்தப் பக்கம் வந்துருச்சு" என்று சொல்லி, அவர் வலது கை விரல்களை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். கொக்கி நழுவியது. கார் கீழே விழுந்த சத்தத்தைப் பட்டாசு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தை கைதட்டியது.

அதற்கடுத்து நடந்ததை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரல்கள் ஹெட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தன. அவர் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். எல்லோரும் ஹெட்டின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் போனார்கள். நீ மட்டும் முன்னால் வரவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கத்து மூலைக்குப் போனாய். தேடவில்லை. கிரீஸை ஒரு வழி வழித்தாய், நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கழற்றினாய். நட்டு மண்ணில் உருண்டது. அடுத்த நொடி ஹெட் சேகர் கையோடு சுலபமாக மேலே வந்தது. புரிகிறதா? அது முந்தின நாளே விட்டுக்கொடுத்துவிட்டது. அவர் ராத்திரி ஊறவைத்து, சுரண்டி, தட்டி, அதைக் கழற்றி முடித்திருந்தார். ஜெயித்த மனிதரைத்தான் நீ எல்லோருக்கும் முன்னால் இழுக்க வைத்து வேடிக்கை பார்த்தாய். அவர் விரலை எடுக்கும்போது தன் கையைப் பார்க்கவில்லை. நீ போன அந்த மூலையைப் பார்த்தார். சுமதியும் பார்த்தாள்.

நான் இறங்கிய ஆட்டோ காசுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதே ஆட்டோவில், என் புடவை முந்தானையை அவர் கையில் சுற்றி, நான் விட்டு வந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போனேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மேல்கணுவில் எடுத்துவிட்டார்கள். எடுத்ததைத் தட்டில் நான் பார்த்தேன். பார்த்துப் பழகியவள்தான், ஆனால் என் வீட்டு விருந்தாளியின் விரலைத் தட்டில் பார்த்ததில்லை. கட்டுப் போட்டு வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்து அவர் சொன்னது ஒரே வார்த்தை. "நான் கேட்டேன்ல மச்சான்." நீ தலையைத் தூக்காமல், "கேலிக்குத்தான் மாமா" என்றாய். மறுநாள் சுமதி தலை தீபாவளிப் புடவையை மடித்து என் கட்டில்மேல் வைத்துவிட்டு, அவரோடு பஸ் ஏறினாள்.

மாப்பிள்ளைதான் அவளை அனுப்பவில்லை என்று ஊர் பேசியது. நீ அதை மறுக்கவில்லை, உனக்கு அது வசதியாக இருந்தது. நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு நாள் புவனகிரிக்குப் போய் அவரிடம் கெஞ்ச ஆரம்பித்தேன். அவர் பதறிப்போய், "நான் போய்ட்டு வான்னுதான் அத்தை சொல்றேன். பஸ்ல ஏத்திவிடறேன்னுகூட சொன்னேன்" என்றார். சுமதி அடுப்படியிலிருந்து வந்தாள். "அவரு சொல்றாரும்மா. நான்தான் வரல. அவன் இங்க வரட்டும். வந்து அவரு கைய ஒரு தடவ பாக்கட்டும். மன்னிப்பெல்லாம் ஒண்ணும் வேணாம், பாத்தா போதும்." பிறகு பீரோவைத் திறந்து ஒரு சின்னத் துணி மூட்டையை எடுத்து வந்து காட்டினாள். உன் நட்டு. மண்ணில் உருண்டதை அன்றைக்கு அவள் பொறுக்கி வைத்திருந்தாள். கிரீஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

நீ போகவில்லை. முதல் வருஷம் பரீட்சை என்றாய். பிறகு வேலை என்றாய். 2009-ல் உன் அப்பா போனபோது அவர்களே வந்தார்கள். மாப்பிள்ளை தன் கடையிலிருந்து டியூப் லைட்டும் வயரும் கொண்டுவந்து, இடது கையால் டெஸ்டரைப் பிடித்து, யாரும் கேட்காமல் வாசல் முழுக்க விளக்குப் போட்டார். சுமதி படியேறாமல், தெருவில் பாடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பாவுக்கு அழுதுவிட்டுப் போனாள். அவர் உன்னைத் தேடி வந்ததைப் பார்த்ததும் நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றாய். போனில் யாரும் இல்லை. நான் உன் பின்னாலேயே வந்து பார்த்தேன். பெற்ற அப்பன் வாசலில் கிடக்க, ஒரு ஊனமான கையைப் பார்க்கப் பயந்து, பேசாத போனுக்கு ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தவனை நான் என் வயிற்றில் சுமந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் புருஷன் போன துக்கத்தைவிட அந்த அசிங்கம் பெரிதாக இருந்தது.

இப்போது சென்னையில் கார் சர்வீஸ் சென்டரில் டை கட்டிக்கொண்டு நிற்கிறாய். வண்டி எடுக்க வருகிறவர்களிடம், "எல்லாம் செக் பண்ணியாச்சு சார்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாய் என்று நினைத்துப் பார்ப்பேன். உனக்கேற்ற உத்தியோகம்தான். கட்டிக்கொள்ளப் போகிறவள் நல்ல பெண். ஒரு தடவைதான் பார்த்தேன், பார்த்தவரை சொல்கிறேன். அவளும் உன்னிடம் ஏதாவது கேட்பாள். ஒரு தடவைதான் கேட்பாள், அந்த மாதிரி முகம். மாப்பிள்ளையும் ஒரு தடவைதான் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் தாய் சொல்ல வேண்டிய புத்திமதி என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

நிச்சயதார்த்தத்துக்கு, மண்டபம் பார்க்க, பத்திரிகை கொடுக்க என்று சிதம்பரத்துக்கு இந்த வருஷம் எத்தனை தடவை வந்து போனாய். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் புவனகிரி. அந்தப் பாலத்தைத் தாண்ட உனக்குக் கால் வரவில்லை. சுமதி வீட்டுப் பத்திரிகையைத் தபாலில் போட்டாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "ஸ்டாம்ப் ஒட்டியிருக்கான்மா" என்று மட்டும் சொன்னாள். நான்தான் அழுதேன்.

இனி உன் மச்சான்கள் விஷயம். நிச்சயம் முடிந்ததும் பெண்ணின் அண்ணன்கள் இரண்டு பேரும் வீடு பார்க்க வந்தார்களே, சிதம்பரத்தில் லாரி வைத்திருக்கிறவர்கள். வாசலில் இறங்கியவர்கள், புயலில் விழுந்த மாமரத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு நிற்பது என்ன வண்டி என்று கேட்டார்கள். மரம் காரின் மேல் விழவில்லை. ஒரு முழம் தள்ளித்தான் விழுந்தது, ஆண்டவனுக்கும் அந்தக் கார் வேண்டியிருந்தது போல. நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, உனக்கு இங்கே எழுதிய அத்தனையையும் அவர்களிடம் சொன்னேன். உன்னைப் போலச் சிரிக்கிறவர்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சின்னவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பெரியவர் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த நட்டு எந்தப் பக்கம்மா?"

காட்டினேன். வண்டியை நான் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நேற்று பெரியவர் போன் செய்தார். கம்பிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டு, ஹெட்டைத் திரும்ப உட்கார வைத்துவிட்டார்களாம். எல்லா நட்டும் போட்டாகிவிட்டதாம். பின்பக்கத்து மூலையில் ஒரே ஒரு கம்பி மட்டும் மொட்டையாக நிற்கிறதாம். "அத மட்டும் நாங்க வாங்கலம்மா. அதுக்கு உண்டானது இருக்குன்னு சொன்னீங்களே" என்றார். இருக்கிறது, சுமதியின் பீரோவில்.

கல்யாணத்துக்கு முன்னால் நீ புவனகிரிக்குப் போ. மாப்பிள்ளையின் கையைப் பார். போனால் சுமதி அந்த நட்டை உன் கையில் கொடுத்துவிட்டு, உன் கல்யாணத்துக்கு வந்து முடிச்சுப் போடுவாள். நீ போகவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு அவளே சிதம்பரத்துக்குப் போய் உன் மச்சான்கள் கையில் கொடுப்பாள். எந்த மூலை என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்தப் படத்தை வரைந்தவளே அவள்தான். நான் புருஷன் இல்லாதவள், மேடையில் எனக்கு எப்படியும் இடம் கிடையாது. முகூர்த்த நேரத்தில் சுமதி எங்கே இருக்கிறாளோ அங்கே இருப்பேன். மண்டபம் என்றால் மண்டபம், புவனகிரி என்றால் புவனகிரி.

அப்புறம் ஐப்பசியில் உனக்குத் தலை தீபாவளி வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுவேட்டி கட்டி, இட்லி சாப்பிட உட்காருவாய். வாசலில் வெளிர்பச்சைக் கார் நிற்கும். தெருவே கூடியிருக்கும். உன் மச்சான்கள் இரண்டு பேரும் மரியாதையாக உன்னைக் கூப்பிடுவார்கள். நட்டெல்லாம் எடுத்தாச்சா என்று நீ கேட்பாய். நீ கேட்காமல் இருக்கமாட்டாய், உனக்கு உன் விரல் முக்கியம். "எடுத்தாச்சு மாப்ள, நானே எண்ணிப் பாத்தேன்" என்று பெரியவர் சொல்வார். அந்த மூலை நட்டு அப்போது யார் கையில் இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

சொன்னதும், உள்ளே கையை விடு.

அம்மா